1915 புனித வெள்ளி ஆட்டமும் மான்செஸ்டர் யுனைடெட் தப்பிய விதமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்துக் கால்பந்தின் பழைய கதைகளைப் பேச உட்கார்ந்தால், யாராவது ஒருவர் "யுனைடெட் ஒரு தடவை மேட்ச் ஃபிக்சிங்கால் தப்பித்ததாமே?" என்று ஆரம்பித்துவிடுவார். பாதி உண்மை, பாதி காற்றுவாக்கில் வந்தது. அதனால் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை ஒரே இடத்தில் சேர்த்துவிட்டேன்.

முதலில் இரண்டு வரியில் சொல்லுங்கள், நடந்தது என்ன?

1915 ஏப்ரல் 2, புனித வெள்ளி. தன் சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் லிவர்பூலை மான்செஸ்டர் யுனைடெட் 2-0 என்று வென்றது. அந்த ஸ்கோரை இரு அணி ஆட்டக்காரர்கள் சிலர் முன்கூட்டியே பேசி வைத்து, அதன்மேல் பணம் கட்டியிருந்தார்கள். சீசன் முடிவில் யுனைடெட் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் இரண்டாம் டிவிஷனுக்கு, அதாவது லீக்கின் அடுத்த கீழ்ப்படிக்கு, போகாமல் பிழைத்தது.

1908-லும் 1911-லும் சாம்பியனான அணி, நாலே வருஷத்தில் அடிமட்டத்துக்கு எப்படி வந்தது?

கட்டியவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள், அவ்வளவுதான். எர்னஸ்ட் மாங்னல் என்ற செயலாளர்தான் (இன்றைய பேச்சில் மேனேஜர்) இரண்டு லீக் பட்டங்களையும் 1909 எஃப்.ஏ. கோப்பையையும் (கால்பந்துச் சங்கம் நடத்தும் நாக்-அவுட் போட்டி) வாங்கிக் கொடுத்தவர். 1912-ல் அவர் ஊருக்குள்ளேயே இருந்த எதிரி வீட்டுக்கு, அதாவது மான்செஸ்டர் சிட்டிக்குப் போய்விட்டார். அடுத்த வருஷம் கேப்டன் சார்லி ராபர்ட்ஸை 1,500 பவுண்டுக்கு ஓல்டம் அணிக்கு விற்றார்கள். நடுக்களத்தின் முதுகெலும்பே அவர்தான். 1914-15 சீசனில் அதே ஓல்டம் 45 புள்ளிகளோடு இரண்டாம் இடம் பிடித்தது. 46 எடுத்த எவர்ட்டன் சாம்பியன். யுனைடெட் அந்த நேரத்தில் கடைசி மூன்றில் தத்தளித்துக்கொண்டிருந்தது. விற்றவர்கள் அந்தப் பட்டியலை எந்த முகத்தோடு படித்தார்களோ!

மிச்சமிருந்த நட்சத்திரம் பில்லி மெரடித். வேல்ஸ்காரர், வாயில் பல்குத்தும் குச்சியோடு வலது ஓரத்தில் ஓடுபவர், நாற்பது வயதை எட்டிவிட்டிருந்தார். 1914 டிசம்பர் கடைசியில் ஜாக் ராப்சன் பொறுப்பேற்றார். யுனைடெட்டில் 'மேனேஜர்' என்ற பெயரோடு வந்த முதல் ஆள் அவர்தான். பாதி சீசன் ஓடிய பிறகு வந்த மனிதரிடம் அற்புதம் எதிர்பார்க்க முடியாது.

அப்போது கீழே இறக்குவது எந்தக் கணக்கில்?

முதல் டிவிஷனில் 20 அணிகள், ஆளுக்கு 38 ஆட்டம். வென்றால் 2 புள்ளி, டிரா என்றால் 1. கடைசி இரண்டு இடம் இரண்டாம் டிவிஷனுக்கு. புள்ளி சமமானால் கோல் வித்தியாசம் பார்ப்பதில்லை. அடித்த கோலை வாங்கிய கோலால் வகுத்து வரும் சராசரியைப் பார்ப்பார்கள். இந்த வகுத்தல் கணக்கை மனதில் வையுங்கள், கொஞ்ச நேரத்தில் வேலைக்கு வரும்.

உலகப் போர் ஆரம்பித்துவிட்டதே, அப்புறம் எப்படி லீக் நடந்தது?

நடந்தது, ஆனால் வசவு வாங்கிக்கொண்டே நடந்தது. பிரான்ஸில் பதுங்குகுழிகளில் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கும்போது இங்கே திடகாத்திரமான இளைஞர்கள் பந்து உதைக்கிறார்களே என்று பத்திரிகைகளும் பெரிய மனிதர்களும் கடிந்துகொண்டார்கள். 1914 டிசம்பரில் கால்பந்து வீரர்களுக்கென்றே மிடில்செக்ஸ் ரெஜிமெண்டில் ஒரு பட்டாலியன் ஆரம்பித்தார்கள். இந்த சீசனோடு லீக் நின்றுவிடும் என்பது ஏப்ரலுக்குள் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது.

ஆட்டக்காரனின் இடத்திலிருந்து பாருங்கள். எவ்வளவு பெரிய கொம்பனாக இருந்தாலும் வாரச் சம்பளம் 5 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று லீக்கே உச்சவரம்பு வைத்திருந்த காலம். அதுவும் நிற்கப்போகிறது. முப்பதை நெருங்கியவனுக்குப் போர் முடிந்து திரும்பி வந்து ஆட வயது இருக்காது; திரும்பி வருவானா என்பதே நிச்சயமில்லை. செய்ததை இது நியாயப்படுத்தாது. ஆனால் இதை விட்டுவிட்டுச் சொன்னால் கதை அரைகுறையாகிவிடும்.

அன்று மைதானத்தில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?

சுமார் 18,000 பேர் வந்திருந்தார்கள். லிவர்பூலுக்குப் பெரிதாக இழக்க ஒன்றுமில்லை, பட்டியலின் நடுப்பகுதியில் பத்திரமாக இருந்த அணி. யுனைடெட்டுக்கோ வாழ்வா சாவா. ஆகவே யுனைடெட் வெறியோடு ஆடுவதில் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. வந்தது, யுனைடெட்டும் வெறியில்லாமல் ஆடியதால்.

முதல் பாதியில் ஜார்ஜ் ஆண்டர்சன் ஒரு கோல் போட்டார். இடைவேளைக்குப் பிறகு யுனைடெட்டுக்குப் பெனால்டி கிடைத்தது. அதை எடுக்க வந்தவர் பேட்ரிக் ஓ'கானல். பந்து கோல்கம்பத்துக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை, அவ்வளவு தள்ளி வெளியே பறந்தது. அப்புறம் ஆண்டர்சனே இரண்டாவது கோலையும் அடித்தார். 2-0.

அதன் பிறகுதான் வேடிக்கை. ஆட்டமே நின்றுபோன மாதிரி ஆனது. யுனைடெட் முன்கள ஆட்டக்காரர் ஈனக் வெஸ்ட், கோலை விட்டுவிட்டுப் பந்தை எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் வெளியே உதைத்துக்கொண்டிருந்தார் என்று சொல்வார்கள். வலது ஓரத்தில் மெரடித் கை தூக்கி நிற்கிறார், யாரும் அவருக்குப் பந்து தருவதில்லை. தனக்குப் பந்தே வராததைப் பார்த்துத்தான் ஏதோ நடக்கிறது என்று சந்தேகப்பட்டதாக அவர் பின்னால் சொன்னார். கூட்டம் கூச்சல் போட ஆரம்பித்தது.

கடைசிக் கட்டத்தில் லிவர்பூலின் ஃபிரெட் பாக்னம் ஓங்கி ஒரு ஷாட் அடித்தார். பந்து கோலின் குறுக்குக் கம்பியில் பட்டுத் திரும்பியது. எந்த அணியிலும் அந்த நேரத்தில் கூட்டாளிகள் தலையில் கை வைத்து "ச்சே" என்பார்கள். இங்கே அவருடைய சொந்த அணிக்காரர்களே ஓடி வந்து அவரிடம் சண்டைக்கு நின்றார்கள். கேலரியிலிருந்து பார்த்தவனுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

அந்தப் பெனால்டியை வேண்டுமென்றே தவறவிட்டாரா?

ஓ'கானல்மீது எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படவில்லை, அவருக்குத் தடையும் இல்லை. அந்த ஷாட் போன திசையை வைத்து ஆளாளுக்கு ஊகிக்கிறார்கள், அவ்வளவே. ஒரு விஷயம் மட்டும்: 1-0 முன்னிலையில், உயிருக்குப் போராடும் அணிக்குக் கிடைத்த பெனால்டி அது. நல்ல ஆட்டக்காரர்களே பெனால்டியைக் கோட்டை விட்டதைப் பார்த்திருக்கிறோம், ஆகவே நான் தீர்ப்பு சொல்லப்போவதில்லை.

இவருடைய பிற்கால வாழ்க்கை தனிக் கதை. அயர்லாந்துக்காரரான ஓ'கானல் ஸ்பெயினுக்குப் போய், 1935-ல் ரியல் பெட்டிஸ் அணிக்கு லா லிகா (ஸ்பெயினின் முதல்நிலை லீக்) பட்டம் வாங்கிக் கொடுத்தார். அப்புறம் பார்சிலோனா மேனேஜர். 1937-ல் உள்நாட்டுப் போரின் நடுவே அணியை மெக்சிகோவுக்குச் சுற்றுப்பயணம் அழைத்துப் போய், நொடித்துக்கொண்டிருந்த அந்தக் கிளப்புக்குப் பணம் சேர்த்துக் கொடுத்தவர். பார்சிலோனாக்காரர்களிடம் இந்தப் பெனால்டியைப் பற்றிப் பேசினால் எடுபடாது.

விஷயம் வெளியே வந்தது எப்படி?

பந்தயப் பணம் வாங்கும் புக்கிகளால்தான். யுனைடெட் 2-0 என்று ஜெயிக்கும் என்பதற்கு 7-க்கு 1 விகிதம் ஓடியது. ஒரு பவுண்டு கட்டினால் ஏழு பவுண்டு லாபம், அதாவது உச்சபட்ச வாரச் சம்பளத்தைவிட அதிகம். வழக்கத்துக்கு மாறாக அந்த ஒரே ஸ்கோரின்மேல் எக்கச்சக்கப் பணம் வந்து குவிந்தது. ஆட்டம் முடிந்து சில நாளிலேயே, இது பேசி வைத்த ஆட்டம் என்று சொல்லும் நோட்டீஸ்கள் கைக்குக் கை போயின. தகவல் தருபவர்களுக்குப் பரிசு என்று அறிவிப்பும் வந்தது. பணம் இழந்தவன் கோபத்தைவிட வேகமான துப்பறிவாளன் கிடையாது.

இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் விசாரணைக் குழு அமைத்தது. பாக்னம் சாட்சி சொன்னார்: ஆட்டத்துக்கு முன்பே தன்னிடம் விஷயத்தைச் சொன்னார்கள், தான் சேர மறுத்து, கோல் அடித்துக் கெடுத்துவிடுவேன் என்று சொன்னதாக. அந்தக் குறுக்குக் கம்பி ஷாட்டுக்கு இப்போது அர்த்தம் புரிகிறது அல்லவா?

யார் யார் மாட்டினார்கள்?

1915 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. யுனைடெட்டிலிருந்து மூவர்: சாண்டி டர்ன்புல், ஆர்தர் வாலி, ஈனக் வெஸ்ட். லிவர்பூலிலிருந்து நால்வர்: ஜாக்கி ஷெல்டன், டாம் மில்லர், பாப் பர்செல், தாமஸ் ஃபேர்ஃபோல். எட்டாவதாக செஸ்டர் அணியின் குக் என்பவர். எல்லோருக்கும் ஆயுள் தடை. ஆடக் கூடாது, நிர்வாகத்தில் இருக்கக் கூடாது, மைதானத்துக்குள் காலடி எடுத்து வைக்கவும் கூடாது.

சூத்திரதாரி என்று பெரும்பாலும் கைகாட்டப்படுபவர் ஷெல்டன். அவர் முன்பு யுனைடெட்டில்தான் இருந்தார். மெரடித்துக்கு மாற்று ஆளாக, மெரடித் ஆடாத நாளில் மட்டும் வாய்ப்பு கிடைத்துக்கொண்டிருந்தவர். இரு பக்கத்திலும் ஆள் தெரிந்தவர் என்பதால் பேச்சுவார்த்தை சுலபமாகிவிட்டது.

சரி, இதை அணியைக் காப்பாற்றத்தானே செய்தார்கள்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். 'கிளப்புக்காகத் தங்களைப் பலி கொடுத்தவர்கள்' என்று ஒரு உருக்கமான வடிவமும் உலவுகிறது. எனக்கு நம்பிக்கை இல்லை.

தடை பெற்ற யுனைடெட் மூவரில் டர்ன்புல்லும் வாலியும் அன்று ஆடவே இல்லை. களத்தில் இருந்தவர் வெஸ்ட் மட்டும். வெளியே உட்கார்ந்திருந்த இருவருக்கு வேலை பந்தயச் சீட்டோடுதான் இருந்திருக்க முடியும். அடுத்து, ஸ்கோரைப் பாருங்கள். பிழைக்க நினைக்கும் அணிக்கு வெற்றி போதும். கோல் சராசரிக்கு நாலு, ஐந்து என்று போனால் இன்னும் நல்லது. இவர்கள் 2-0 வந்ததும் கடையைச் சாத்திவிட்டார்கள். பந்தயம் 2-0-வின்மேல்தான், மூன்றாவது கோல் விழுந்தால் பணம் போச்சு. விசாரணைக் குழு சொன்னதும் இதே ரகம்தான்: பெருந்தொகை கைமாறியது, ஆட்டக்காரர்கள் சிலர் அதில் ஆதாயம் அடைந்தார்கள் என்று.

கிளப் பிழைத்தது அவர்கள் வியாபாரத்தில் கிடைத்த கொசுறு. ஆனால் ஒன்று, லிவர்பூல் ஜெயிப்பதாகப் பேசி வைத்திருந்தால் யுனைடெட் ஆட்கள் தங்கள் கிளப்பையே குழிக்குள் தள்ளியிருப்பார்கள். அந்தப் பக்கம் அவர்கள் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த 2 புள்ளி இல்லாமல் இருந்தால் உண்மையிலேயே இறங்கியிருப்பார்களா?

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். இறுதிப் பட்டியலின் வால்: யுனைடெட் 30 புள்ளி, 18-வது இடம். செல்சி 29, 19-வது. டாட்டன்ஹாம் 28, கடைசி.

லிவர்பூலிடம் தோற்றிருந்தால் யுனைடெட்டுக்கு 28. செல்சிக்குக் கீழே, ஆக இறக்கம். சரி, டிரா என்றால்? 29 ஆகி செல்சியோடு சமம். இங்கேதான் அந்த வகுத்தல். செல்சி அடித்தது 51, வாங்கியது 65, சராசரி 0.78. யுனைடெட் அந்த சீசனில் அடித்தது 46, வாங்கியது 62. அந்த ஆட்டம் கோலில்லாமல் முடிந்திருந்தால் 44-ஐ 62-ஆல் வகுக்க வேண்டும், 0.71. டிராவும் போதாது. வென்றால் மட்டுமே பிழைப்பு. மற்ற 37 ஆட்டங்களையும் அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தால், யுனைடெட் முதல் டிவிஷனில் நின்றது இந்த ஓர் ஆட்டத்தால்தான்.

பிறகு ஏன் கிளப்புக்குத் தண்டனை இல்லை?

கிளப் நிர்வாகிகள் யாருக்கும் இதில் பங்கு இருந்ததாக விசாரணையில் வரவில்லை. ஆட்டக்காரர்களின் தனிப்பட்ட குற்றம் என்று முடிவு கட்டி, ஆட்டத்தின் முடிவை அப்படியே விட்டுவிட்டார்கள். புள்ளிகள் யுனைடெட் கணக்கில்தான் இருந்தன. தீர்ப்பு வந்தபோது லீக்கே நின்று போயிருந்தது என்பதால், சங்கத்துக்கும் அவசரம் இல்லை.

அப்படியென்றால் செல்சிக்குச் செய்தது அநியாயம் இல்லையா?

அநியாயம்தான், ஆனால் செல்சி இறங்கவில்லை. 1919-ல் லீக் மறுபடி தொடங்கும்போது முதல் டிவிஷனை 20-லிருந்து 22 அணிகளாகப் பெருக்கினார்கள். இரண்டாம் டிவிஷனிலிருந்து டார்பி கவுண்டியும் பிரெஸ்டனும் முறைப்படி ஏறின. செல்சியை வாக்கெடுப்பே இல்லாமல் தக்கவைத்துக்கொண்டார்கள். மிச்சம் ஒரு இடம். கடைசி இடத்தில் இருந்த டாட்டன்ஹாமுக்கே போகும் என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

லீக் தலைவர் ஜான் மெக்கென்னா எழுந்து ஆர்சனலுக்காகப் பேசினார். அவர் லிவர்பூல் கிளப்பைச் சேர்ந்தவர் என்பதைக் கவனியுங்கள். வாக்கெடுப்பில் ஆர்சனலுக்கு 18, டாட்டன்ஹாமுக்கு 8. ஆர்சனல் 1915-ல் இரண்டாம் டிவிஷனில்கூட முதல் நான்கு இடத்துக்குள் வராத அணி. அதன் தலைவர் ஹென்றி நாரிஸ் திரைக்குப் பின்னால் என்ன செய்தார் என்று, இந்த இரு எதிரி அணிகளும் இருக்கும் வடக்கு லண்டனில் இன்றும் சண்டை போடுகிறார்கள். டாட்டன்ஹாம் ரோஷத்தோடு அடுத்த சீசனிலேயே இரண்டாம் டிவிஷனை வென்று திரும்பி வந்தது, 1921-ல் எஃப்.ஏ. கோப்பையையும் தூக்கியது.

செல்சிக்கு இன்னொரு கசப்பும் உண்டு. அதே 1915 ஏப்ரலில் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்துக்கு வந்தார்கள். ஷெஃபீல்டு யுனைடெட்டிடம் 3-0 தோல்வி. சீருடையில் வந்த சிப்பாய்களால் மைதானம் நிறைந்ததால் அதைக் 'காக்கி இறுதி' என்பார்கள். அந்த மைதானம் எது? ஓல்ட் டிராஃபோர்டு.

தடை பெற்றவர்கள் என்ன ஆனார்கள்?

பலர் படையில் சேர்ந்தார்கள். சாண்டி டர்ன்புல் 1917 மே 3-ஆம் தேதி பிரான்ஸில் அராஸ் போரில் செத்தார். 1909 கோப்பை இறுதியில் பிரிஸ்டல் சிட்டிக்கு எதிராக ஒரே கோலை அடித்தவர். 1910-ல் ஓல்ட் டிராஃபோர்டு திறந்த நாளில் அங்கே முதல் கோலைப் போட்டவரும் அவரே. அன்றும் எதிரணி லிவர்பூல்தான்.

1919-ல், நாட்டுக்காகப் போர்ப்பணி செய்ததைக் கருதி, வெஸ்ட்டைத் தவிர மற்றவர்களுக்குத் தடையை நீக்கினார்கள். டர்ன்புல்லுக்கு அவர் போன பிறகு. ஷெல்டன் லிவர்பூலுக்கே மறுபடி ஆடினார். மில்லரின் கதைதான் சுவாரசியம்: 1920-ல் அவரை வாங்கியது மான்செஸ்டர் யுனைடெட். தங்களுக்குத் தோற்றுக் கொடுத்ததற்காகத் தடை பெற்றவரைத் தாங்களே சம்பளம் கொடுத்து எடுத்துக்கொண்டார்கள்!

வெஸ்ட்டுக்கு மட்டும் தடை நீங்கவில்லையாமே?

ஆமாம். வெஸ்ட் கடைசிவரை நான் செய்யவில்லை என்றே சொன்னார். வாயால் சொன்னதோடு நிற்காமல், 1917-ல் கால்பந்துச் சங்கத்தின்மேலேயே அவதூறு வழக்குப் போட்டார். தோற்றார். மேல்முறையீட்டிலும் தோற்றார். மற்றவர்களுக்கெல்லாம் 1919-ல் கதவு திறந்தது, அவருக்குத் திறக்கவில்லை.

1907-08 சீசனில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்காக ஆடி முதல் டிவிஷனிலேயே அதிக கோல் அடித்தவர் இந்த வெஸ்ட். 1911-ல் யுனைடெட் சாம்பியனானதில் அவர் கோல்களுக்குப் பெரும் பங்கு. அப்படிப்பட்டவருக்குத் தடை நீங்கியது 1945-ல், வயது 59. முப்பது வருஷம். அந்த வயதில் ஆடுவதற்கென்ன இருக்கிறது? டிக்கெட் வாங்கி மைதானத்துக்குள் போய் உட்காரலாம், அதுதான் கிடைத்தது.

அவர் குற்றவாளியா? களத்தில் அவர் ஆடிய விதம் அவருக்குச் சாதகமாக இல்லை. ஆனால் ஒத்துக்கொண்டு தலை குனிந்தவனைவிட, எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனவன்மேல் சங்கத்துக்குக் கோபம் அதிகம் இருந்தது என்று நான் நினைக்கிறேன். குற்றம் ஒன்றாக இருந்தும் தண்டனைக் காலம் 4 வருஷமும் 30 வருஷமுமாகப் பிரிந்ததற்கு வேறு காரணம் தெரியவில்லை.

இப்படியெல்லாம் தப்பிய யுனைடெட் அப்புறம் என்ன ஆனது?

ஏழு வருஷம் தாங்கியது. 1921-22 சீசனில் 42 ஆட்டத்தில் எட்டே வெற்றி, கடைசி இடம், இரண்டாம் டிவிஷன். அந்த சீசனின் சாம்பியன் லிவர்பூல்.